ஷ்ரிங்க் ஸ்லீவ் ஆர்டர் கொடுக்கும் முன் பாட்டிலை மேசைமேல் வையுங்கள்

எண்ணெய் வியாபாரத்தில் லேபிளுக்கு முதல் எதிரி எண்ணெய்தான். விருதுநகர் பக்கம் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் ஆட்டி, 200 மில்லி, அரை லிட்டர், ஒரு லிட்டர் பாட்டில்களில் அடைத்து விற்கிற சின்ன ஆலை எங்களுடையது. பேப்பர் லேபிள் ஒட்டிய காலத்தில் மூடி வழியாக ஒரு சொட்டு கசிந்தாலே போதும். லேபிள் அதைக் குடித்து, எழுத்துக்குப் பின்னால் பாட்டில் தெரிகிற அளவுக்கு ஊறிவிடும். பிளாஸ்டிக் ஸ்டிக்கருக்கு மாறினோம். அது எண்ணெயைக் குடிக்காது, ஆனால் ஓரம் கிளம்பும். கிளம்பிய ஓரத்தில் கடைத் தூசி ஒட்டிக் கறுப்புக் கோடு விழும். அந்தப் பாட்டிலை மளிகைக் கடைக்காரர் முன்வரிசையில் வைக்க மாட்டார். பின்வரிசைக்குப் போன சரக்கு கொஞ்ச நாளில் ரிட்டர்ன் வரும்.

இன்னொரு தொந்தரவும் இருந்தது. எங்கள் காலி பாட்டிலில் வேறு எண்ணெயை ஊற்றி, எங்கள் ஸ்டிக்கரோடு சந்தையில் விற்றார்கள். ஸ்டிக்கர் பாட்டிலோடு அப்படியே இருப்பதால் வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் ஷ்ரிங்க் ஸ்லீவ் பக்கம் போனோம். சூடு பட்டால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் உறை இது; பாட்டிலை முழுதாகச் சுற்றி மூடிவரை ஏறி நிற்கும், பசை கிடையாது, திறக்க வேண்டுமென்றால் கிழித்தாக வேண்டும். இப்போது ஊறுகாய் போடுகிறவர்கள், தேன் அடைக்கிறவர்கள், பினாயில் விற்கிறவர்கள் என்று பலரும் வந்து விசாரிக்கிறார்கள். அவர்களிடம் வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சிவகாசி எங்களுக்குக் கூப்பிடு தூரம். அச்சைப் பற்றி, கலரைப் பற்றி இந்தப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருப்பவரும் பேசுவார். அதனாலேயே ஸ்லீவையும் ஓர் அச்சு வேலையாகப் பார்க்கிற பழக்கம் இங்கே அதிகம். ஸ்லீவ் அடிப்படையில் சூட்டு வேலை. பிலிமைத் தயாரிக்கும்போதே சூடாக்கி, அகலவாக்கில் இழுத்து, இழுத்த நிலையிலேயே குளிர வைத்துவிடுகிறார்கள். மறுபடி சூடு பட்டால் அது பழைய அகலத்துக்குத் திரும்பப் பார்க்கும். நடுவில் பாட்டில் இருந்தால் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளும். எங்கே, எப்போது, எவ்வளவு சூடு படுகிறது என்பதை நாம் தீர்மானித்தால் நல்ல லேபிள் கிடைக்கும். லாரியும் தகரக் கூரையும் தீர்மானித்தால் கிடைப்பது குப்பை.

அதனால் முதலில் பாட்டில். டிசைனரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் ஒரு லிட்டர் பாட்டிலையே எடுத்துக்கொள்கிறேன். விட்டம் 85 மி.மீ., சுற்றளவு 267 மி.மீ. ஸ்லீவ் தட்டையாக மடிந்த குழாயாகத்தான் ரோலில் வரும். அந்த மடிப்பின் அகலத்தை லேஃபிளாட் என்பார்கள். சுற்றளவில் பாதி 133.5. பாட்டில் தாராளமாக உள்ளே இறங்க 2, 3 மி.மீ. இளக்கம் சேர்த்து 136 என்று வைத்தோம். அப்படியென்றால் குழாயின் முழுச் சுற்று 272 மி.மீ. இப்போது மூடியைப் பாருங்கள். அதன் விட்டம் 30 மி.மீ. என்றால் சுற்றளவு 94. 272 இருக்கும் பிலிம் 94க்கு வர வேண்டுமானால் 65 சதவீதம் சுருங்க வேண்டும். மூடிவரை வேண்டாம், தோள்பட்டை வரை போதும், அங்கே விட்டம் 60 என்றால் 31 சதவீதம் சுருங்கினால் போதும்.

எந்தப் பிலிம் வாங்குவது என்பதை இந்தக் கணக்குதான் சொல்லும். பிவிசி விலை குறைவு; ஆனால் பொதுவாக 50, 60 சதவீதத்துக்கு மேல் சுருங்காது. பெட்-ஜி (பெட் பாட்டில் பிளாஸ்டிக்கின் சுருங்கும் வகை) விலை கூடுதல். 75 சதவீதம் வரை போகும். ஓபிஎஸ் என்று பாலிஸ்டைரீன் வகை ஒன்றும் உண்டு. அது கொஞ்சம் சூட்டிலேயே தானாகச் சுருங்க ஆரம்பிக்கும், எண்ணெய்க்கும் அதற்கும் ஒத்துவராது. எங்களைப் போன்றவர்கள் அதை விசாரிக்கவே வேண்டாம். நான் பார்த்தவரை பெரும்பாலான தகராறு பிறக்கிற இடம் இதுதான்: பார்ட்டி மூடிவரை ஏற வேண்டும் என்பார், விலையையும் குறைக்கச் சொல்வார், சப்ளையர் ‘சரி சார்’ என்று பிவிசியை அனுப்பிவிடுவார். கழுத்தில் பிலிம் இறுகாமல் தொளதொளவென்று நிற்கும். ஸ்லீவைச் சூடாக்கிச் சுருக்கும் டனலின் சூட்டை எவ்வளவு ஏற்றினாலும் அது இறுகாது. சுருங்க வேண்டிய மட்டும் சுருங்கி முடித்துவிட்டது.

அளவு எடுக்க டிராயிங் அனுப்பாதீர்கள். நிஜப் பாட்டில் ஒரு பத்திருபது, எண்ணெய் நிரப்பி, மூடி போட்டு அனுப்புங்கள். காலி பாட்டிலும் நிறைந்த பாட்டிலும் ஒரே விட்டம் இருக்காது, நிறைந்தது கொஞ்சம் உப்பும். பாட்டில் ஊதிக் கொடுப்பவரிடம் இரண்டு மூன்று மோல்டு இருந்தால் ஒவ்வொரு மோல்டிலிருந்தும் எடுங்கள். பாட்டில் சப்ளையரை மாற்றினால் அந்தத் தகவலை அன்றைக்கே ஸ்லீவ்காரருக்கும் சொல்லுங்கள். 2 மி.மீ. இளக்கம் என்பது, பாட்டில் விட்டம் ஒரு மி.மீ. கூடினாலே முக்கால்வாசி காணாமல் போகிற சமாச்சாரம்.

டிசைனுக்கு வருவோம். பிலிம் சுருங்குவது அகலவாக்கில். ஆகவே தோள்பட்டைக்கு மேல் இருக்கிற எல்லாமே ஒல்லியாகும். வட்டம் முட்டையாகும். ஆங்கில எழுத்து ஓரளவு தாங்கும். தமிழில் சுழி அதிகம். ‘நல்லெண்ணெய்’ என்று எழுதிப் பாருங்கள். அத்தனை சுழியும் 30 சதவீதம் நசுங்கினால் உள்வட்டம் அடைத்துக்கொண்டு மை மட்டும்தான் தெரியும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, முக்கியமான எழுத்தை நேரான உடம்புப் பகுதியில் வைப்பது. இன்னொன்று, சுருங்கும் அளவைக் கணக்கிட்டு, ஆர்ட்வொர்க்கிலேயே எழுத்தை முன்கூட்டி அகலப்படுத்துவது. நல்ல ஸ்லீவ்காரர் வெறும் கட்டங்கள் அடித்த ஸ்லீவ் ஒன்றை உங்கள் பாட்டிலில் சுருக்கிப் பார்ப்பார். எந்த உயரத்தில் கட்டம் எவ்வளவு ஒடுங்குகிறது என்று அளந்து அதைத்தான் டிசைனருக்குக் கொடுப்பார். இந்தக் கட்டச் சோதனை இல்லாமல் கம்ப்யூட்டர் திரையில் முப்பரிமாணப் படம் காட்டி ஓகே கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பார்கோடு தனிக்கதை. வழக்கமாகக் கோடுகள் நின்றிருக்கும். பிலிம் அகலவாக்கில் சுருங்கும்போது கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் சுருங்கும். ஸ்கேனர் படிப்பதே அந்த இடைவெளியைத்தான். அதைத் திருப்பி, கோடுகள் ஏணிப்படி மாதிரி படுத்திருக்கும்படி வைத்தால் கோட்டின் நீளம்தான் குறையும், இடைவெளி அப்படியே இருக்கும். சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்கு கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பில்லிங் கவுன்டரில் ஒரு பாட்டில் படிக்கவில்லை என்றால் மொத்த லாட்டையும் திருப்பிவிடுவார்கள்.

சட்டப்படி போட வேண்டியவை தனி. எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணைய உரிமத்தின் 14 இலக்க எண், பச்சை வட்டச் சைவக் குறி, சத்துப் பட்டியல், நிகர அளவு, தயாரிப்பாளர் முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு எண் என்று பட்டியல் நீளம். எழுத்தின் உயரத்துக்கு அளவு இருப்பது எல்லோருக்கும் தெரியும். எழுத்தின் அகலம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று பொட்டலப் பொருள் விதிகளில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. சாதா ஸ்டிக்கரில் அது ஒரு பிரச்சினையே இல்லை. சுருங்குகிற ஸ்லீவில் கழுத்துப் பக்கம் கொண்டுபோய் நிகர அளவை அச்சடித்தால், திரையில் சரியாக இருந்த எழுத்து பாட்டிலில் விதியை மீறி நிற்கும். சட்ட விவரம் எல்லாவற்றையும் நேரான பகுதியில் போடுங்கள்.

கூடவே இன்னொன்றையும் அடித்துச் சொல்வேன்: சட்ட விவரம் எல்லாமே ஒரே நிறத்தில் இருக்கட்டும். காரணம் சிலிண்டர். ஸ்லீவ் பெரும்பாலும் கிராவூர் முறையில் அச்சாகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர்; எஃகின் மேல் செம்பு பூசி, அதில் டிசைனைக் குடைந்து, குரோமியம் பூசியது. ஆறு நிறமும் பின்னால் வெள்ளைப் பூச்சும் என்றால் ஏழு சிலிண்டர். முதல் ஆர்டரில் பிலிம் செலவைவிட இதுதான் கண்ணைக் கட்டும். 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சமையல் எண்ணெய் நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது: நிகர அளவை வெப்பநிலை குறிப்பிடாமல் போட வேண்டும், லிட்டரோடு எடையையும் போட வேண்டும், 2023 ஜனவரி 15க்குள் லேபிளைத் திருத்த வேண்டும். நியாயமான உத்தரவுதான். எண்ணெய் சூட்டில் விரியும். 60 டிகிரியில் ஒரு லிட்டர் என்று போட்டால் வாங்குகிறவருக்கு எடை குறைவாகத்தான் கிடைக்கும். ஆனால் எங்கள் தொழிலில் சிலிண்டர் வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. நிகர அளவைச் சிவப்புக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்தில், மஞ்சள் நிழலோடு போட்டவர்கள் மூன்று சிலிண்டரை மறுபடி குடைய வேண்டியிருந்தது. கறுப்பில் மட்டும் போட்டவர்கள் ஒரு சிலிண்டரோடு தப்பித்தார்கள்.

விலை, பேட்ச் எண், தேதி, யூனிட் விலை எதையும் சிலிண்டரில் ஏற்றாதீர்கள். வெள்ளைக் கட்டம் ஒன்று விட்டு, பாட்டில் டனலிலிருந்து வெளியே வந்தபின் இங்க்ஜெட்டில் அடித்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட விலையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி விலையைக் கூட்டுவது குற்றம். குறைப்பதற்கு ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். இங்க்ஜெட் மை எண்ணெய்க் கையில் அழிகிறதா என்று தேய்த்துப் பார்த்துவிட்டே மையைத் தேர்ந்தெடுங்கள்.

சிலிண்டருக்குப் பணம் நாம் கொடுப்போம். சிலிண்டர் அச்சகத்திலேயே இருக்கும். அது யாருடைய சொத்து, வேறு அச்சகத்துக்கு எடுத்துப் போகலாமா, எத்தனை வருடம் பாதுகாப்பார்கள் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி, பிற்பாடு அச்சகத்தை மாற்ற முடியாமல் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். விற்பனை எப்படிப் போகும் என்று தெரியாத புதுப் பொருளுக்கு முதலில் டிஜிட்டலில் கொஞ்சம் அடித்துப் பாருங்கள். ஒரு ஸ்லீவின் விலை கூடத்தான் வரும், ஆனால் சிலிண்டர் செலவு இல்லை.

இனி வெயில். ஏப்ரல் கடைசியில் வெளிமாநிலத்திலிருந்து ஒரு லோடு வந்து இறங்கியது. மறுநாள் பேக்கிங்கில் இருந்த அக்கா வந்து, “அண்ணாச்சி, இது பாட்டில்ல ஏறவே மாட்டேங்குது. வேற சைஸ் எதுவும் அனுப்பிட்டாங்களா?” என்றார். அளந்தால் ரோலின் வெளிச்சுற்றில் லேஃபிளாட் 134. சுற்றுகளைப் பிரித்து, ரோலின் நடுக்குழாய்க்குக் கிட்டே போய் அளந்தால் 136. சப்ளையரைக் கூப்பிட்டால், “எங்க பேக்டரில இருந்து கரெக்டாத்தான் சார் போச்சு” என்றார். அவர் சொன்னதும் பொய் இல்லை. தார்ப்பாய்க்கு அடியில் லாரியின் மேல் அடுக்கில் வந்த ரோல் வழியிலேயே கொஞ்சம் சுருங்கிவிட்டது. 136இல் இருந்த இளக்கம் இரண்டரை மி.மீ.; அதில் இரண்டு போய்விட்டால் மிச்சம் அரை மி.மீ. பாட்டில் எப்படி ஏறும்? வெளிச்சுற்று முழுவதையும் உரித்துப் போட்டுவிட்டு உள்சுற்றை மட்டும் பயன்படுத்தினோம். நஷ்டத்தை யார் ஏற்பது என்ற பேச்சு மாதக்கணக்கில் இழுத்தது.

அதற்குப் பிறகு கோடைக்கு வேண்டிய ஸ்லீவை மாசி பிறக்கும் முன்பே இறக்கிவிடுகிறோம். வண்டி வந்ததும் ரோலின் வெளிச்சுற்றை அளந்து, அளவை டெலிவரி சலானில் எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்குகிறோம். ரோலைத் தகரக் கூரைக்கு அடியில் வைப்பதில்லை. மத்தியானத்தில் அந்தக் கூரைக்கு அடியில் நிற்க மனிதனுக்கே முடியாது. காரை போட்ட உள் அறையில், தரையிலிருந்து தூக்கி, சுவரை ஒட்டாமல் வைக்கிறோம். ஏசி வேண்டுமா என்று கேட்கிறார்கள். 25, 30 டிகிரிக்குள் இருந்தால் உத்தமம்தான்; எங்களால் முடிந்தது வெயில் படாத அறையும், இருப்பைக் குறைத்து வைப்பதும்.

இறக்கும்போதே பார்க்க வேண்டியது இன்னும் இரண்டு. முதலாவது பிலிமின் கனம். 45 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.) என்று விலை பேசிவிட்டு 40இல் அடித்து அனுப்புவது நடக்கிறது. மைக்ரோமீட்டர் இல்லாவிட்டால் தராசு போதும். எங்கள் ஸ்லீவைப் பிரித்தால், ஒட்டும் ஓரத்தையும் சேர்த்து, 278 மி.மீ. அகலம், 200 மி.மீ. உயரம். பெட்-ஜியின் அடர்த்தி சுமார் 1.3. 45 மைக்ரானுக்கு வெறும் பிலிம் மட்டும் 3.25 கிராம் வரும், 40க்கு 2.89. நூறு ஸ்லீவை எடை போட்டால் 325 கிராமும் அதன்மேல் மையின் எடையும் சேர்ந்து இருக்க வேண்டும். மையோடு சேர்த்தே 310தான் காட்டுகிறது என்றால் போனை எடுங்கள்.

இரண்டாவது, இணைப்பு. தட்டைப் பிலிமைக் குழாயாக்க, ஓரத்தில் கரைப்பானைத் தடவி ஒட்டுகிறார்கள். அந்தப் பட்டையில் அச்சு இருக்காது. கரைப்பான் குறைந்தால் டனலுக்குள் வாய் பிளக்கும். கூடினால் ஓரம் நெளிந்து, குழாய் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டு திறக்க வராது. ரோலின் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் துண்டு வெட்டி, இரு கையால் இழுத்துப் பாருங்கள். இணைப்பு விடக் கூடாது. பிலிம்தான் கிழிய வேண்டும்.

பேக்கிங் தளத்துக்கு வந்தால், சூடான காற்றை ஊதும் ஹீட் கன் என்ற ஆசையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விலை மலிவு, கையில் பிடித்துச் சுற்றினால் போதும் என்று தோன்றும். சாம்பிளுக்குச் சரி. முழுப் பாட்டிலுக்கு ஒரு பக்கம் முதலில் சுருங்கி மறு பக்கத்தை இழுக்கும், லேபிள் திருகிக்கொண்டு நிற்கும். கன்வேயர் வைத்த சின்ன டனலாவது வேண்டும். சூடான காற்று டனல், நீராவி டனல் என இரண்டு வகை. நீராவிதான் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும், சுருக்கம் அழகாக வரும். ஆனால் பாய்லர் வேண்டும், பாட்டில் ஈரத்தோடு வெளியே வரும். மசாலாப் பொடி மாதிரி ஈரம் ஆகாத சரக்குக்குக் காற்று டனல்தான்.

எண்ணெய்க்காரர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஸ்லீவ் போட்டுவிட்டு எண்ணெய் நிரப்பலாம் என்றால், காலி பெட் பாட்டில் 75 டிகிரிப் பக்கம் போனாலே இளக ஆரம்பிக்கும். காற்று டனலில் கொஞ்சம் நின்றால் பாட்டிலும் ஸ்லீவோடு சேர்ந்து சுருங்கும். நிரப்பிவிட்டு ஸ்லீவ் போடலாம் என்றால், பாட்டில் வெளிப்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். பிசுக்கின் மேல் ஸ்லீவ் வழுக்கி ஏறும் அல்லது இறங்கும், உள்ளே மாட்டிய எண்ணெய் திட்டுத் திட்டாகத் தெரியும், சில மைகள் அந்த எண்ணெயில் ஊறிப் பாட்டிலில் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் நிரப்பிய பிறகுதான் போடுகிறோம். நிரப்பும் இடத்துக்கும் ஸ்லீவ் போடும் இடத்துக்கும் நடுவில் துடைப்பதற்கென்றே ஆள் நிற்கிறார்கள். ஆள் கூலி கணக்கில் அது வீண் செலவு மாதிரித் தெரியும். அந்த இடத்தை ஒரு வாரம் காலியாக விட்டுப் பார்த்தால் அப்படித் தெரியாது. ஸ்லீவ் போடுகிறவர்களுக்குப் பருத்திக் கையுறை, அதுவும் தினம் துவைத்தது.

நிரப்பிய பாட்டிலில் சுருங்குவதும் ஒரு சீராக இருக்காது. எண்ணெய் இருக்கும் இடத்தில் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும், பிலிம் மெதுவாகச் சுருங்கும். மேலே காற்று இருக்கும் இடத்தில் சட்டென்று சுருங்கிவிடும். மேல் பாதி முந்திக்கொண்டால் ஸ்லீவ் மேலே இழுபட்டு, அடி ஓரம் வில் மாதிரி வளைந்து நிற்கும். அடியில்தான் முதலில் சூடு பட வேண்டும். அடிப்பக்கம் பாட்டிலைப் பிடித்துக்கொண்ட பிறகு நடு, அப்புறம் கழுத்து. டனலுக்குள் காற்று வரும் வாய்களை இந்த வரிசைக்குத் திருப்பி வைக்கலாம். மீட்டர் காட்டுவது காற்றின் சூடு, பிலிமின் சூடு இல்லை. மீட்டர் 150 காட்டினாலும் பாட்டில் வேகமாகக் கடந்துபோனால் பிலிம் 80ஐத் தொடாது. ஆகவே சூட்டையும் கன்வேயர் வேகத்தையும் சேர்த்தே எழுதி வைக்க வேண்டும். எங்கள் டனல் பக்கத்தில் ஒவ்வொரு பாட்டில் அளவுக்கும் இந்த இரண்டு எண்ணையும் அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறோம். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது எதை மாற்றுவது என்பதும் அதில் இருக்கிறது: சூட்டை ஏற்றுவதற்குப் பதில் வேகத்தைக் குறை.

வடிகட்டியிலிருந்து வந்த எண்ணெயைச் சூடு ஆறாமல் அடைத்தால், ராத்திரி ஆறியதும் அதன் அளவு சுருங்கி, மூடிய பாட்டில் உள்ளே ஒடுங்கும். அதன் மேல் இறுகியிருந்த ஸ்லீவ் காலையில் தளர்ந்து சுருக்கம் விழுந்திருக்கும். இதை ஸ்லீவின் குறை என்று சொல்லி சப்ளையரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. ஆற வைத்து நிரப்பினால் தீர்ந்தது.

பிவிசி பயன்படுத்துகிறவர்கள் டனல் பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாமல் வேலை செய்யக் கூடாது. காய்ந்து கருகினால் வருகிற நெடியடிக்கும் புகை ஹைட்ரஜன் குளோரைடு. வீணான ஸ்லீவைக் காம்பவுண்டு மூலையில் போட்டுக் கொளுத்தும் வழக்கத்தையும் விட்டாக வேண்டும். பிவிசி எரிந்தால் அதே அமிலப் புகையோடு டயாக்சின் என்ற நச்சும் வரும்.

முழு ஸ்லீவுக்குப் பணம் இல்லையென்றால் ஸ்டிக்கரோடு கழுத்து சீல் மட்டும் போட்டு ஆரம்பிக்கலாம். மூடியையும் கழுத்தையும் சுற்றி இறுகும் சின்ன வளையம், நடுவில் துளைக்கோடு. இதற்கு ஹீட் கன்கூடப் போதும். 1982இல் சிகாகோ பகுதியில் டைலெனால் மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் செத்தபிறகு, அமெரிக்காவில் டாக்டர் சீட்டில்லாமல் விற்கும் மருந்துகளுக்கு இப்படித் திறந்தால் தெரிகிற பேக்கிங் கட்டாயமானது. இன்று இருமல் மருந்திலிருந்து தேன் பாட்டில் வரை அதைப் பார்க்கிறோம். காலி பாட்டிலில் எண்ணெய் ஊற்றி விற்றவர்களை எங்கள் விஷயத்தில் நிறுத்தியதும், அழகான முழு ஸ்லீவைவிட, அந்தத் துளைக்கோடுதான். கிழிக்காமல் மூடி திறக்காது என்று கடைக்காரர்களிடம் சொல்லி வைத்தோம்.

ஐந்து லிட்டர் கேனுக்கு ஷ்ரிங்க் சரிவரவில்லை. பெரிய சுற்றளவு, பிலிம் செலவு அதிகம், எங்கள் டனல் வாயில் கேன் நுழையாது. அதற்கு ஸ்ட்ரெச் ஸ்லீவ் பார்த்தோம். இது எல்டிபிஇ என்கிற இழுபடும் பாலித்தீன் குழாய், சூடே வேண்டாம். பாட்டில் சுற்றளவைவிடக் கொஞ்சம் சின்னதாக வெட்டி, இழுத்து மாட்டினால் ரப்பர் பாண்டு போல் தானாகப் பிடித்துக்கொள்ளும். வெளிநாடுகளில் பால், ஜூஸ் பெரிய பாட்டில்களில் இது உண்டு. நேரான உடம்பு வேண்டும். மேலே ஒடுங்கும் வடிவத்துக்கு ஆகாது. கேனில் லேபிள் உட்காரச் சற்றே உள்வாங்கிய பட்டை இருந்தால்தான் நழுவாமல் நிற்கும். கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பேச்சே இல்லை. கையால் மாட்டிப் பார்த்தோம். விரல் நுனி தேய்ந்து எங்கள் ஆட்கள் மத்தியானத்துக்குள் கையை விரித்துவிட்டார்கள். மாட்டுவதற்கு மிஷின் இல்லாமல் நடக்காது. எங்கள் அளவுக்கு மிஷின் கட்டுப்படியாகாது. கேனுக்கு இன்னும் ஸ்டிக்கர்தான்.

கடைசியாக, காலி பாட்டில் போகும் இடம். ஊருக்குள் பழைய பேப்பர், பிளாஸ்டிக் எடுக்கும் கடையில், ஸ்லீவ் போட்ட பாட்டிலைத் தனியாகக் குவித்திருந்தார்கள். கேட்டால், “இதைக் கத்தி வச்சு கீறி உரிக்கணும் அண்ணாச்சி, அதுக்கு யாரு கூலி குடுப்பா” என்றார் கடைக்காரர். உரிக்காமல் அரைத்தால் என்ன ஆகும் என்பது மறுசுழற்சி ஆலையில் தெரியும். அரைத்த துகளைத் தண்ணீரில் போட்டுப் பிரிப்பார்கள். மூடியும் வளையமும் மிதக்கும், பெட் மூழ்கும். பிவிசியும் பெட்-ஜியும் பெட்டோடு சேர்ந்து மூழ்கிவிடும். அப்புறம் உலர்த்தும் சூட்டில் பெட்-ஜி இளகி, நல்ல துகளையும் ஒட்டிக் கட்டி கட்டியாக்கும். பிவிசி கொஞ்சம் கலந்தாலே உருக்கும்போது அமிலம் விட்டு மொத்தத்தையும் பழுப்பாக்கிவிடும். நாம் கழுத்து வரை நன்றாக இறுக வேண்டும் என்று காசு கொடுத்து வாங்கும் அதே குணம்தான் அங்கே தலைவலி.

இதற்காக இப்போது இரண்டு மாற்றம் செய்திருக்கிறோம். ஸ்லீவின் முழு உயரத்துக்கும் நெடுக்காக இரட்டைத் துளைக்கோடு போட்டு, ‘காலியானதும் இங்கே கிழித்து எடுக்கவும்’ என்று தமிழில் அச்சடித்திருக்கிறோம். துளை நெருக்கமாக இருந்தால் டனலிலேயே பிளக்கும், அகன்றால் கையால் கிழியாது. சப்ளையரிடம் நாலைந்து விதமாக அடித்து வாங்கிச் சுருக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்தோம். அரை லிட்டரில், கீழ்ப்பகுதியை விட்டுவிட்டுப் பாதி உடம்புக்கு மட்டும் ஸ்லீவ். எண்ணெயின் நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கும் அது பிடித்திருக்கிறது. ஆனால் கடலை எண்ணெய்க்கு முழு ஸ்லீவையே வைத்துக்கொண்டோம். வெளிச்சம் பட்டால் அது சீக்கிரம் காறிவிடும். வெள்ளைப் பூச்சு போட்ட ஸ்லீவ் அதற்கு நல்ல மறைப்பு.

அடுத்த சிலிண்டர் செட்டுக்கு, தண்ணீரில் மிதக்கும் பாலியோலெஃபின் (பாலித்தீன் குடும்பத்துப் பிளாஸ்டிக்) ஷ்ரிங்க் பிலிமில் விலை கேட்டிருக்கிறோம். அது பெட்-ஜி அளவுக்குச் சுருங்காது, ஆகவே மூடிவரை ஏறாது. தோள்பட்டை ஸ்லீவும் தனிக் கழுத்து சீலும் என்று பிரிக்க வேண்டிவரும். கிலோ விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். அடர்த்தி ஒன்றுக்கும் குறைவு என்பதால் அதே கனத்தில் ஒரு கிலோவுக்குப் பெட்-ஜியைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக ஸ்லீவ் வரும். கொட்டேஷனை ஆயிரம் ஸ்லீவுக்கு இவ்வளவு என்று போட்டு வாங்குங்கள். கிலோ கணக்கில் இரண்டையும் ஒப்பிட முடியாது.